உருகிய சிலிகேட்டின் மின்கடத்துத்திறன் அளவீடு: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

உருகிய சிலிகேட்டில் மின்கடத்துத்திறன் அளப்பவருக்கு நேரும் பெருந்தொல்லை, தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே கருவியில் தோன்றுவதுதான். 1400 °செ. உலைக்குள் கண் எட்டாது. கம்பி, மூசை (உருக்கும் கிண்ணம்), குமிழி, உருகல் ஆகிய நான்கும் சேர்ந்து சொல்லும் ஒரே எண்ணைத்தான் நாம் காண்கிறோம். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இவ்வேலையைச் செய்ததில் நான் கற்ற முறை இது: எண் மாறும்போது அதனுடன் சேர்ந்து எது மாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதிர்வெண்ணுடன் மாறுகிறதா, மின்முனை அமிழ்ந்த ஆழத்துடன் மாறுகிறதா, நேரத்துடன் நகர்கிறதா, வெப்பநிலையின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேறுபடுகிறதா என்ற இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகுதான் உருகலின் கட்டமைப்பைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு வருகிறது. கீழே உள்ள அறிகுறிகளும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் அமைந்த நான்முகிகள், மூலையில் உள்ள ஆக்சிஜனைப் பாலமாகப் பகிர்ந்து பின்னிய வலைதான் சிலிகேட் உருகல். சோடியம் ஆக்சைடோ கால்சியம் ஆக்சைடோ சேரும்போது அந்தப் பாலங்கள் சில அறுகின்றன. அறுந்த முனைகளின் அருகே தங்கும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளே இடம் விட்டு இடம் தாவி மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. சுமப்பவை அயனிகளே என்பதை லண்டனில் மின்வேதியியலாளர் பாக்ரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1940களின் இறுதியிலும் 1950களிலும் செய்த அளவீடுகள் உறுதிப்படுத்தின. சாதாரண சோடா-சுண்ணக் கண்ணாடி உருகல் 1400 °செ. அளவில் மீட்டருக்குச் சில பத்து சீமென்ஸ் கடத்தும். வெப்பநிலை ஏறினால் கடத்துத்திறன் ஏறும். கார உலோகங்கள் மிகுந்த உருகல்களில் அதன் கிளர்வு ஆற்றல் (அயனி தாவக் கடக்க வேண்டிய ஆற்றல் தடை) ஏறத்தாழ மோலுக்கு 50 முதல் 100 கிலோஜூல் வரை இருக்கும். உங்கள் எண் இந்த வட்டாரத்திலிருந்து பத்து மடங்கு விலகியிருந்தால், புதிய அறிவியலைத் தேடுவதற்கு முன் இணைப்புகளைத் தேடுங்கள்.

அறிகுறி: மல்டிமீட்டரில் வைத்தால் மின்தடை நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது

மல்டிமீட்டர் நேர்திசை மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அயனிகள் ஒரு மின்முனையை நோக்கி நகர்ந்து அங்கேயே குவிய, மின்முனைப் பரப்பில் மின்னாற்பகுப்பும் தொடங்கிவிடுகிறது. நீங்கள் பார்ப்பது உருகலின் தடையன்று. மின்முனை ஓரத்தில் வளர்ந்துவரும் தடுப்பு. மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் எல்.சி.ஆர். மீட்டருக்கோ (தூண்டல், தேக்கம், தடை அளக்கும் கருவி) மின்மறுப்பு (மாறுதிசை மின்னோட்டத்துக்கு எழும் மொத்தத் தடை) அளவிக்கோ மாறுங்கள். இதற்கு வேறு தீர்வு இல்லை.

அறிகுறி: அதிர்வெண்ணை மாற்றினால் மின்தடையும் மாறுகிறது

குறைந்த அதிர்வெண்ணில் தடை அதிகமாகவும், அதிர்வெண் ஏற ஏறக் குறைந்தும் வந்தால், அது மின்முனையின் முனைவாக்கம். பிளாட்டினத்துக்கும் உருகலுக்கும் இடையிலுள்ள மெல்லிய எல்லை ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்கிறது; அதிர்வெண் உயரும்போது அதன் பங்கு கரைந்து, உருகலின் தடை மட்டும் எஞ்சுகிறது. ஆகவே ஒரே அதிர்வெண்ணில் அளந்து பதிவேட்டில் எழுதுவது போதாது. சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை படிப்படியாக அளந்து, மின்மறுப்பின் மெய்ப்பகுதியைக் கிடையச்சிலும் கற்பனைப்பகுதியைக் குத்தச்சிலும் குறித்து, வளைவு கிடையச்சை வெட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேல் மின்மறுப்பு மீண்டும் ஏறத் தொடங்கினால், அது இணைப்புக் கம்பிகளின் மின்தூண்டல். உலைக்குள் இறங்கும் இரண்டு கம்பிகளும் சேர்ந்து அமைக்கும் வளையம் ஒரு மைக்ரோஹென்றி அளவு தூண்டலை எளிதில் தரும். 100 கிலோஹெர்ட்ஸில் அது 0.63 ஓம் ஆகிறது. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றினாலும், அளக்கப்போகும் உருகலின் தடை அரை ஓம் என்றால் நிலைமை புரியும். கம்பிகளை நெருக்கமாக, இணையாக இறக்குங்கள். குளிர்ந்த பகுதியில் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள்.

அறிகுறி: வெப்பநிலையை 200 டிகிரி ஏற்றியும் மின்தடை இறங்க மறுக்கிறது

என்னை மிகவும் அலைக்கழித்த பிழை இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒருமுறை சோடியம் டைசிலிகேட் உருகலில் கிளர்வு ஆற்றல் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்காக வந்தது. அதற்குக் கட்டமைப்பு சார்ந்த ஒரு விளக்கத்தை நான் எழுதத் தொடங்கியிருந்தேன். ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்ப உதவியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, முதல்ல ரெண்டு கம்பியையும் ஒண்ணா முறுக்கி உலைக்குள்ள விட்டு அளந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். அளந்தோம். நான் உருகலின் தடை என்று எழுதிவைத்திருந்ததில் பாதிக்கு மேல் பிளாட்டினக் கம்பியின் தடையாக இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பேதும் இல்லை. 10 மி.மீ. உள் ஆரமுள்ள பிளாட்டின மூசையின் நடுவில் 3 மி.மீ. விட்டமுள்ள பிளாட்டினக் கோலை 20 மி.மீ. ஆழம் இறக்கி (கோல் ஒரு மின்முனை, மூசையே மற்றொன்று), மீட்டருக்கு 30 சீமென்ஸ் கடத்தும் உருகலை அளந்தால், தடை சுமார் அரை ஓம்தான் வரும். ஆனால் அரை மி.மீ. விட்டமுள்ள பிளாட்டினக் கம்பி அறை வெப்பநிலையிலேயே மீட்டருக்கு அரை ஓமுக்குச் சற்று மேலான தடை கொண்டது. சூட்டில் அது பன்மடங்காகிறது. பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம் காட்டும் பிளாட்டின வெப்பநிலை உணரி 850 °செ.-இல் 390 ஓம் காட்டுவதை நினைத்துப் பாருங்கள். வெப்பநிலை ஏறும்போது உருகலின் தடை இறங்குகிறது, கம்பியின் தடை ஏறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, கிட்டத்தட்டக் கிடைக்கோடாக ஒரு வரைபடம் கிடைக்கிறது. அந்த வரைபடத்தில் சிதறல் இல்லை, பார்வைக்கு மிக ஒழுங்காக இருக்கிறது, அதனால்தான் ஏமாற்றுகிறது.

நீக்கும் வழி இரண்டு. ஒவ்வொரு மின்முனைக்கும் இரண்டு கம்பிகள் பற்றவைத்து, ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தி, மற்றொன்றில் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும் நான்கு கம்பி இணைப்பே நல்ல வழி. அதற்கு வசதி இல்லையென்றால், அளக்கும் ஒவ்வொரு வெப்பநிலையிலும், அதே ஆழத்தில், மின்முனைகளைக் குறுக்குச்சுற்றாக இணைத்துக் கம்பித் தடையைத் தனியே அளந்து கழியுங்கள். அறை வெப்பநிலையில் ஒருமுறை அளந்த எண்ணை எல்லா வெப்பநிலைக்கும் கழிப்பது பிழையை நீக்காது, மறைக்கத்தான் செய்யும்.

அறிகுறி: அமிழ்ந்த ஆழத்துக்கும் கடத்தலுக்கும் இடையே நேர்கோடு வரவில்லை

கலமாறிலியை (அளந்த தடையைக் கடத்துத்திறனாக மாற்றும் வடிவ எண்ணை) பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளந்து பெறுவது பள்ளிப்பாடத்திலேயே உள்ள முறை. 25 °செ.-இல் 0.1 மோலார் கரைசல் மீட்டருக்கு 1.288 சீமென்ஸ் கடத்தும். இந்த எண்ணை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைவிட இருபது மடங்கு கடத்தும் உருகலில், ஒன்றரை விழுக்காட்டுக்கு அருகில் விரிவடைந்துவிட்ட பிளாட்டினத்தோடு, கண்ணாடிக் குவளைக்குப் பதிலாகக் கடத்தும் மூசையில், அதே மாறிலி செல்லும் என்று நம்புவதற்கில்லை. அதனால் ஆழத்தை மாற்றி அளப்பதையே பரிந்துரைக்கிறேன். 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வாளர் சடோவேயின் குழுவினர் ஓரச்சு உருளைகளை (ஒன்றனுள் ஒன்றாக ஒரே மையத்தில் அமைந்தவை) கொண்டு, தரப்படுத்தும் திரவமே தேவைப்படாதபடி இந்த முறையைச் செம்மைப்படுத்தினர்.

இதன் அடிப்படை எளிது. கோலின் நுனியைச் சுற்றிப் பரவும் மின்னோட்டம் ஆழத்தால் மாறுவதில்லை. ஆகவே ஆழத்துக்கு எதிரே கடத்தலை (தடையின் தலைகீழை) குறித்தால், சாய்வில் உருகலின் பங்கு மட்டும் மிஞ்சும். மேலே சொன்ன அளவுகளில் ஒவ்வொரு மி.மீ. ஆழத்துக்கும் கடத்தல் சுமார் 0.1 சீமென்ஸ் கூட வேண்டும். கோடு ஆழத்தில் கீழ்நோக்கி வளைந்தால், கழிக்கப்படாத கம்பித் தடை இன்னும் உள்ளே இருக்கிறது. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். மேல்நோக்கி வளைந்தால், நுனி மூசையின் அடியை நெருங்கிவிட்டது. குறைந்தது ஓர் ஆர அளவு இடைவெளியாவது விட்டுவைப்பதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் விலகினால், கோலைத் தொட்டுப் பற்றி ஏறும் உருகலின் விளிம்புதான் காரணம். அவற்றை விட்டுவிட்டுச் சாய்வைக் கணக்கிடலாம். கோல் மையத்தை விட்டு விலகியிருந்தால் கோடு நேராகவே வரும், ஆனால் சாய்வு தவறாக இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இப்பிழையை வரைபடம் காட்டிக்கொடுக்காது, குளிர்ந்தபின் மூசையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அறிகுறி: வெப்பநிலை நிலையாக இருந்தும் எண் மணிக்கணக்கில் நகர்கிறது

நகரும் திசையே பாதி விடை. கடத்துத்திறன் மெல்ல ஏறி, பிறகு நிலைத்தால், குமிழிகள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன, அல்லது கலவை இன்னும் ஒருசீராகவில்லை. மின்கடத்தாக் குமிழிகள் கனஅளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், கலவைகளுக்கான மாக்ஸ்வெல்லின் சமன்பாட்டின்படி கடத்துத்திறன் சுமார் 14 விழுக்காடு குறைந்து தெரியும். கார்பனேட்டிலிருந்து தயாரித்த கலவையில் கார்பன் டைஆக்சைடு முழுவதும் போகும்வரை 900 °செ. வரை மெதுவாகச் சூடாக்கி, உருக்கி, வார்த்து, இடித்து, மீண்டும் உருக்குங்கள். இரண்டு முறை போதாத இடங்களும் உண்டு.

சென்னைப் பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறை அப்படிப்பட்ட ஒன்று. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இப்பெயரைச் சூட்டினார். அந்தப் பாறைவகைக்கு மூலஇடம் நம் பரங்கிமலையே. குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த அந்தப் பாறையை உருக்கினால், உருகலின் பாகுநிலை மிக அதிகமாக இருப்பதால் சிறு குமிழிகள் நாள் முழுதும் காத்தாலும் மேலே வருவதில்லை. பொடித்து மீண்டும் மீண்டும் உருக்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கடத்துத்திறன் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் வேறு கதை. சோடியமும் பொட்டாசியமும் உருகலின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகின்றன. காற்றில் நீராவி இருந்தால் அவை ஹைட்ராக்சைடாக மாறி இன்னும் விரைவாக வெளியேறுகின்றன. மூசையைச் சோதனைக்கு முன்னும் பின்னும் எடைபோட்டால் இது தெரிந்துவிடும். எடை மாறாமல் கடத்துத்திறன் மட்டும் இறங்கினால், அலுமினா மூசையோ அலுமினாக் குழாயோ கரைந்து உருகலில் சேர்கிறதா என்று பாருங்கள். கரைந்த அலுமினா, அறுந்த முனைகளை மீண்டும் வலையில் இணைத்து உருகலைக் கெட்டியாக்குகிறது. இரும்பு கலந்த உருகலாக இருந்தால், பிளாட்டினமே இரும்பை உறிஞ்சிக்கொள்கிறது. ஒருமுறை இரும்பு உருகலில் பயன்படுத்திய மூசையை இரும்பில்லா உருகலுக்கு மீண்டும் எடுக்காதீர்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, திறந்து வைத்த பொட்டாசியம் கார்பனேட் புட்டியில் தூள் ஈரமாகிக் கட்டியாவதைச் சென்னையில் வேலை செய்யும் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்தத் தூளில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தால், கலவையில் பொட்டாசியம் ஐந்து விழுக்காடு குறைவாகவே சேர்கிறது. கோடையில் தயாரித்த உருகலும் மழைக்காலத்தில் தயாரித்த உருகலும் ஒரே பெயரில் இரு வேறு பொருள்களாகிவிடுகின்றன. கார்பனேட்டுகளை 200 முதல் 300 °செ. வரை இரவு முழுதும் உலர்த்தி, உலர்த்துக்கலத்தில் ஆறவைத்து, உடனே எடைபோடுங்கள். சுட்ட சுண்ணாம்பை எடைபோடவே வேண்டாம். அது காற்றின் ஈரத்தை ஏற்றுச் சுண்ணநீறாகிவிடும். கால்சியம் கார்பனேட்டாகவே எடுங்கள்.

அறிகுறி: சூடேற்றும்போது ஒரு கோடு, ஆறும்போது வேறொரு கோடு

ஆறும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் கடத்துத்திறன் சட்டென்று இறங்கி, மீண்டும் சூடேற்றும்போது அதைவிட மேலான வெப்பநிலையில்தான் திரும்பினால், உருகலில் படிகங்கள் தோன்றிக் கரைகின்றன. அந்த வெப்பநிலைக்குக் கீழான புள்ளிகளை உருகலின் பண்பாக எழுதக்கூடாது. இடைவெளி வெப்பநிலை முழுதும் ஒரே அளவில் இருந்தால், தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பியிணை) உருகலின் வெப்பநிலையை அளக்கவில்லை, உலைச்சுவரின் வெப்பநிலையை அளக்கிறது என்று பொருள். 1400 °செ. அருகே, கிளர்வு ஆற்றல் 80 கிலோஜூல் உள்ள உருகலில், 10 டிகிரிப் பிழை கடத்துத்திறனில் சுமார் மூன்றரை விழுக்காட்டுப் பிழையாகிறது. தெர்மோகப்பிளின் நுனியைக் கோலின் நுனிக்கு அருகில் வையுங்கள், 1064 °செ.-இல் உருகும் தங்கக் கம்பித் துண்டைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபாருங்கள். இரும்புள்ள உருகலில் இந்த இடைவெளிக்கு மூன்றாவது காரணமும் உண்டு: சூட்டில் ஃபெரிக் இரும்பு (மூன்று நேர்மின்னூட்டம் கொண்டது) ஆக்சிஜனை விட்டு ஃபெரஸ் (இரண்டு கொண்டது) ஆகிறது, ஆறும்போது அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை.

அறிகுறி: எண் ஓயாமல் நடுங்குகிறது

உலைக்குச் செல்லும் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர்தான் பெரும்பாலும் காரணம். 50 ஹெர்ட்ஸின் மடங்குகளை விட்டு விலகிய அதிர்வெண்களில் அளந்து, அளக்கும் சில நொடிகள் உலையின் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள்.

அறிகுறி: இரும்பு சேர்த்ததும் கடத்துத்திறன் எதிர்பாராத அளவு உயர்கிறது

இது பிழையாக இருக்க வேண்டியதில்லை. இரும்பு ஆக்சைடு மிகுந்த கசடுகளில் ஃபெரஸ் அயனியிலிருந்து ஃபெரிக் அயனிக்கு எலக்ட்ரான் தாவுவதால், அயனிகளோடு எலக்ட்ரான்களும் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. உலையின் வளிமத்தை மாற்றி, இரண்டு வகை இரும்பின் விகிதம் மாறும்போது கடத்துத்திறனும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் நீங்கள் கண்டது உண்மை. ஆனால் ஒடுக்கும் வளிமத்தில் பிளாட்டினத்தை வைத்துச் சோதனை செய்யும் முன் யோசியுங்கள்: ஒடுங்கிய சிலிக்கானும் இரும்பும் பிளாட்டினத்துடன் கலந்து அதைத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகவைக்கும். மூசை போனால் மீட்க முடியாது.

அறிகுறி: அளவீடு எல்லாச் சோதனைகளையும் தாண்டிவிட்டது, ஆனால் கட்டமைப்புக் கணக்குடன் பொருந்தவில்லை

இங்கே வந்து சேர்ந்தவர்கள் மகிழலாம். இனித்தான் உருகல் பேசத் தொடங்குகிறது. ஆனால் இங்கும் பிழை உண்டு, அது கருவியில் இல்லை, நம் கணக்கில் இருக்கிறது.

முதலாவது, அறுந்த பாலங்களின் எண்ணிக்கையே கடத்துத்திறனைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம். சோடியம் டைசிலிகேட்டில் ஒவ்வொரு நான்முகிக்கும் ஓர் அறுந்த ஆக்சிஜன், மெட்டாசிலிகேட்டில் இரண்டு. ஆல்பைட் (சோடியமும் அலுமினியமும் கொண்ட ஃபெல்ட்ஸ்பார் கனிமம்) உருகலில் கணக்கின்படி ஒன்றுகூட இல்லை, ஏனெனில் அங்கே அலுமினியமும் நான்முகியாக வலையில் சேர்ந்துவிடுகிறது. எனினும் ஆல்பைட் உருகல் நன்றாகவே கடத்துகிறது. அதன் சோடியம், அலுமினிய நான்முகியின் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்தபடி வலையின் இடுக்குகளில் தாவிச் செல்கிறது. பாகுநிலையைத் தீர்மானிப்பது வலை. கடத்துத்திறனைத் தீர்மானிப்பது சுமப்பவரின் எண்ணிக்கையும் அவர் செல்லும் வழியும். பாகுநிலையை வைத்துக் கடத்துத்திறனை ஊகித்தவர்கள் ஆல்பைட்டில் வழுக்கி விழுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதே காரணத்தால், சோடியத்தில் பாதியை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகக் கால்சியம் சேர்த்தால், அறுந்த பாலங்களின் எண்ணிக்கை மாறாமலேயே கடத்துத்திறன் இறங்கும். இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் ஆக்சிஜனின் பிடியிலிருந்து எளிதில் விடுபடுவதில்லை.

இரண்டாவது, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கலந்தால் இரண்டின் நடுவே ஓர் எண் வரும் என்ற எதிர்பார்ப்பு. வருவதில்லை, இரண்டையும்விடக் குறைவாக வரலாம். ஒரு வகை அயனி விட்டுச்சென்ற இடம் மற்ற வகைக்குப் பொருந்துவதில்லை. இந்த விளைவு கண்ணாடியில் பல மடங்கு வேறுபாடு தரும். உருகலில் வெப்பநிலை ஏற ஏற மங்கிவிடும். அதனால் 1400 °செ.-இல் சிறிய இறக்கத்தையும் 900 °செ.-இல் பெரிய இறக்கத்தையும் கண்டால் இரண்டும் சரியே.

மூன்றாவது, ராமன் நிறமாலை (சிதறிய ஒளியிலிருந்து பிணைப்புகளின் அதிர்வைக் காட்டுவது) சொல்வதும் கடத்துத்திறன் சொல்வதும் முரண்படுகின்றன என்ற குறை. பெரும்பாலும் ராமன் எடுக்கப்பட்டது, விரைந்து குளிரவைத்த கண்ணாடித் துண்டில். அந்தத் துண்டு, உருகல் உறைந்த கண்ணாடி மாற்ற வெப்பநிலையின் கட்டமைப்பைத்தான் ஏந்தியிருக்கிறது. 1400 டிகிரியின் கட்டமைப்பை அன்று. மூன்று பாலங்களுள்ள இரண்டு நான்முகிகள், நான்கு பாலங்களுள்ள ஒன்றாகவும் இரண்டு பாலங்களுள்ள ஒன்றாகவும் மாறும் சமநிலை, வெப்பநிலை ஏறும்போது வலப்பக்கம் நகர்கிறது. இதைக் குளிர்ந்த கண்ணாடியில் காண முடியாது. சூட்டிலேயே ராமன் எடுக்கும் வசதி இல்லாதபோது, ஒரே உருகலை மெதுவாகவும் மிக விரைவாகவும் குளிரவைத்து இரண்டு துண்டுகளை எடுத்து, 1100 அலைஎண் (செ.மீ.⁻¹) அருகேயும் (மூன்று பாலங்களுள்ளவை) 950 அலைஎண் அருகேயும் (இரண்டு பாலங்களுள்ளவை) உள்ள பட்டைகளின் விகிதம் எந்தத் திசையில் நகர்கிறது என்று ஒப்பிடுங்கள். அந்தத் திசையிலேயே மேலும் தொலைவில்தான் உங்கள் மின்முனை தொட்டுக்கொண்டிருந்த உருகல் இருந்தது. ஒப்பிடும் முன், இரண்டு துண்டுகளின் வேதி இயைபையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். கலவை எழுதிய தாளில் உள்ள எண்களை வைத்து ஒப்பிடாதீர்கள்.